பிசகும் பொய்யும்: நிலப்படம் பற்றிச் சில கேள்விகள்

நிலப்படம் என்பது அதிகாரத்தின் கருவி என்று நம் பக்கத்தில் வெகுநாளாகச் சொல்லி வருகிறோம். மையம், விளிம்பு என்று தொண்ணூறுகளில் நம் மூத்த தோழர்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவன் நான். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு இப்போது ஒரு சோம்பேறித்தனத்தில் வந்து நிற்கிறது. மனைப்பட்டா சம்பந்தமாக நடந்த ஒரு கூட்டத்தில் மாணவத் தோழர் ஒருத்தர் எழுந்து, “எல்லா மேப்பும் பொய்தான் தோழர், அதைப் போய் எதுக்குப் பிடிச்சுத் தொங்கறீங்க” என்றார். கைதட்டல்கூட விழுந்தது. எனக்குத்தான் மண்டைக்குள் ஒரு முள் நின்றுவிட்டது. எல்லாப் படமும் பொய் என்றால் எங்க வளவுக்காரர்கள் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பட்டாவும் பொய். அந்த இடத்தை வளைத்துக் காம்பவுண்டு போட்டவன் கையிலுள்ள கிரயப் பத்திரமும் பொய். இரண்டும் ஒரே பொய்தானா? ஒரே பொய் என்றால் நியாயம் கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

இதற்குப் பதில் தேடப்போய் நில அளவைக் கணிதத்துக்குள் போய் விழுந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன சோலி என்று கேட்கலாம். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி வளர்ந்த அருந்ததியன், தமிழ் இலக்கியத்துக்குள் போனதே அடுத்தவன் காட்டுக்குள் போன மாதிரிதான். இதுவும் ஒரு காடு. போய்ப் பார்ப்போமே.

திருப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க உலக உருண்டை வேண்டாம், ஒரு ட்யூப் துணி போதும். நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாயாகத்தான் இறங்குகிறது. அதை ஒரு பக்கம் கத்தரித்து விரித்தால் ஓப்பன் வித்தாக மேசைமேல் படிந்து கிடக்கும். ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு இழை இழுபடாது. குழாயைத் தட்டையாக்கலாம். கூம்பையும் ஆக்கலாம், பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் முழுசாகத் தாள் கிடைக்கிறதல்லவா, அப்படி. ஆனால் உருண்டை அப்படி வராது. சாத்துக்குடித் தோலை மேசைமேல் அழுத்திப் பாருங்கள். ஒன்று கிழியும், இல்லாவிட்டால் ஓரம் இழுபடும். கட்டிங் மாஸ்டர்களுக்கு இது கைப்பாடம். அவர்கள் செய்வது இதற்குத் தலைகீழ் வேலை: தட்டைத் துணியை உருண்ட உடம்புக்கு மூடுகிறார்கள். தோள்பட்டை வரும் இடத்தில் வளைவு வெட்டாமல், கொஞ்சம் துணியை வேஸ்ட்டில் தள்ளாமல், எந்த மாஸ்டராலும் பனியன் தைக்க முடியாது. கிழியாமலும் இழுபடாமலும் உருண்டையைத் தட்டையாக்க வழியே இல்லை என்று ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் நிறுவிவிட்டார். இன்னும் நல்ல ஆள், இன்னும் நல்ல மெஷின் வந்தால் முடியும் என்கிற கதையே அதோடு தீர்ந்தது.

ஆகவே உலகப் படம் வரைகிற ஒவ்வொருத்தனும் எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறான். அந்த முடிவுக்குத்தான் பாடப்புத்தகம் கோட்டுச்சட்டம் என்று பேர் வைத்திருக்கிறது. 1569இல் மெர்காட்டர் செய்த முடிவு மாலுமிக்கானது. பூமியை ஒரு குழாய்க்குள் நிறுத்தி, கோடுகளைக் குழாயின் மேல் ஏற்றி, குழாயைக் கத்தரித்து விரித்தார் என்று சொன்னால் ஓரளவு சரி. எந்தக் கோட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்குத் தனிக் கணக்கு வைத்திருந்தார். திசைகாட்டியைப் பிடித்து நேர்கோட்டில் கப்பல் ஓட்டலாம். அதற்கு விலை, பரப்பு. துருவத்தை நெருங்க நெருங்க நாடுகள் ஊதிப் பெருக்கும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய மெர்காட்டர் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவு. நிஜத்தில் ஆப்பிரிக்கா பதினாலு மடங்கு பெரிசு. இந்தியாகூட கிரீன்லாந்தைவிடப் பெரிசுதான்: 32 லட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு எதிராக 21 லட்சத்து 66 ஆயிரம். வெள்ளைக்காரன் நாடெல்லாம் வடக்கே இருந்ததால் அவன் நாடெல்லாம் வீங்கித் தெரிந்தது. மெர்காட்டர் அதற்காகச் செய்தாரா என்றால், இல்லை. ஆனால் கப்பலுக்குச் செய்த படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியவன் யார், முந்நூறு வருஷம் கழித்தும் ஏன் இறக்கவில்லை என்பது வேறு கேள்வி. அதற்கு மெர்காட்டர் பொறுப்பில்லை.

1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர், மூன்றாம் உலகத்துக்கு நியாயம் செய்கிறேன் என்று பரப்பளவைக் காப்பாற்றும் படம் ஒன்றை வெளியிட்டார். அதே முறையை 1855இலேயே ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் சொல்லியிருந்தார் என்பது பிறகு வெளிவந்தது. பீட்டர்ஸ் படத்தில் பரப்பு சரி, உருவம் போச்சு. ஆப்பிரிக்கா நெடுக இழுபட்டுத் தொங்கும். ஆர்க்டிக் வட்டத்தில் கொடிகட்டி ஈரமான கிழிசல் உள்ளாடைகளைக் காயப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஆர்தர் ராபின்சன் என்ற அமெரிக்க நிலப்பட அறிஞர் கேலி செய்தார். உள்ளாடை தைத்துப் பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இந்தக் கேலியில் ஒரு சங்கடம் இருக்கிறது. நனைந்த பனியன் தொங்கினால் அது பனியனின் குற்றமா? இருந்தாலும் ராபின்சன் சொன்னதிலும் ஒரு உண்மை உண்டு. பீட்டர்ஸ் தன் படத்தை ‘சரியான படம்’ என்று விற்றார். சரியான படம் என்று ஒன்று கிடையாது. இதற்குச் சரி, அதற்குச் சரியில்லை என்றுதான் சொல்லலாம்.

அப்படியானால் மாணவத் தோழர் சொன்னதே சரியாகப் போயிற்றா? இல்லை. இங்கேதான் நிதானிக்க வேண்டும். மெர்காட்டர் படத்தில் கிரீன்லாந்து எத்தனை மடங்கு வீங்கியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். எந்த அட்சரேகையில் எவ்வளவு வீக்கம் என்பதற்கு வாய்பாடு இருக்கிறது, அது புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது. நஷ்டப்பட்ட ஆப்பிரிக்கன் அந்த வாய்பாட்டை எடுத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தன் பரப்பை மீட்டுக்கொள்ள முடியும். இதைப் பிசகு என்கிறேன். தவிர்க்க முடியாதது, ஆனால் விதி தெரிந்தது. நட்ட நடு ராத்திரியில் சர்வேக் கல்லைப் பிடுங்கி நாலு அடி தள்ளி நடுகிறானே, அதற்கு வாய்பாடு கிடையாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டு எதையும் மீட்க முடியாது. அது பொய். பிசகையும் பொய்யையும் ஒரே மூட்டையில் கட்டினால் லாபம் கல்லைப் பிடுங்கியவனுக்குத்தான்.

இதைச் சாதிக்குப் பொருத்திப் பாருங்கள். எந்தச் சமூகமும் மனிதர்களை ஏதோ ஒரு விதத்தில் தட்டையாக்கித்தான் ஏட்டில் எழுதுகிறது. தொழில், வயசு, ஊர் என்று கட்டம் போடாமல் ஒரு ரேஷன் கார்டுகூடக் கொடுக்க முடியாது. ஆனால் சாதி தன்னை ஒரு கட்டம் என்று ஒத்துக்கொள்வதில்லை. நான்தான் உருண்டை, நான்தான் பூமி என்கிறது. விதி எங்கே, காட்டு என்றால் பிறப்பைக் காட்டுகிறது.

இதற்கு இன்னும் பொருத்தமான இடம் அட்சரேகை, தீர்க்கரேகை விவகாரம். பூமியில் ஒரு இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும். திருப்பூர் என்றால் வடக்கே 11.1 பாகை, கிழக்கே 77.3 பாகை. இரண்டும் ஒரே ஜாதி எண் மாதிரித் தெரிகிறது, ஆனால் இல்லை. அட்சரேகையின் பூஜ்யத்தை மனுஷன் வைக்கவில்லை. பூமி சுழல்கிறது, சுழல்வதால் அச்சு இருக்கிறது, அச்சு இருப்பதால் நட்டநடுவில் பூமத்தியரேகை இருக்கிறது. ஒரு மனுஷப் பூச்சி இல்லாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு பூஜ்யம் இயற்கையில் கிடையாது. எங்கே தொடங்குவது என்று ஆட்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். நம் நாட்டுப் பழைய சோதிட நூல்காரர்கள் உஜ்ஜயினி வழியாகத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக்காரன் பாரிசில் தொடங்கினான். சென்னை வானாய்வுக்கூடத்துத் தீர்க்கரேகையின் நேரத்தை வைத்து இந்திய ரயில்கள் ஓடிய காலமும் உண்டு. 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி ஓட்டுப் போட்டு, லண்டன் கிரீனிச் வழியாகப் போகும் கோடுதான் பூஜ்யம் என்று முடிவு செய்தார்கள். ஒரு நாடு எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின. ஓட்டுப் போட்டு வைத்த பூஜ்யம் அது. ஓட்டுப் போட்டு மாற்றவும் செய்யலாம்.

எங்க பக்கத்து ஊர்களில் திசையை வைத்துத்தான் பேச்சு. தெக்கால வளவு, கெழக்கால காடு, அக்கட்டால தோட்டம். எதுக்குத் தெக்கால? ஊருக்குத் தெக்கால. ஊர் எதுக்கு வடக்கால என்று யாரும் கேட்டதில்லை. வளவுக்கு வடக்கே ஊர் இருக்கிறது என்று சொன்னாலும் அதே நிலம்தான், அதே தூரம்தான். இருந்தும் நூற்றாண்டுகளாக ஒருத்தர் வாயிலும் அப்படி வரவில்லை. எங்க அவ்வாகூடத் தன் வீட்டை ஊரிலிருந்து எண்ணித்தான் சொல்வாள். பூஜ்யம் ஊர்க் கோயில் வாசலில் இருந்தது. தீர்க்கரேகையைப் போல மனுஷன் வைத்த ஒன்று, அட்சரேகையைப் போலப் பூமியோடு பிறந்தது என்று நம்பவைக்கப்பட்டிருந்தது. சாதியின் சாமர்த்தியம் மொத்தமும் இந்த ஒரு மாற்றாட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது எண் ஒன்றும் உண்டு, உயரம். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இவ்வளவு மீட்டர் என்று எழுதியிருக்குமே, அது. கடல் மட்டம் என்பதும் சும்மா கிடைத்ததல்ல. கராச்சி, நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அலை ஏறி இறங்குவதை வருஷக்கணக்கில் அளந்து சராசரி எடுத்து, 1909 வாக்கில் நாடு முழுமைக்கும் ஒரு மட்டம் கட்டினார்கள். மேல், கீழ் என்று சொல்ல முதலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கடல் வேண்டும். மேல்சாதி, கீழ்சாதி என்கிறவனிடம் எந்தக் கடலிலிருந்து அளந்தாய் என்று கேளுங்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைப்பட்ட சமத்துவமின்மை இதுதான்: பொதுக் கடல் கிடையாது, அவனவனுக்குக் கீழே ஒருத்தனைக் காட்டி அங்கிருந்து அவனவன் உயரத்தை அளந்துகொள்கிறான். இந்த அளவுகோல் நம் தலித் சாதிகளுக்குள்ளும் புழங்குகிறது. அருந்ததியனாக இருந்து அதைப் பார்த்தவன் என்கிற முறையில் இதை அடக்கி வாசிக்க என்னால் முடியாது.

இந்த அளவைகள் நம் மண்ணுக்கு எப்படி வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே எடுக்கலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. இப்படிக் கன்னியாகுமரிப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் முக்கோணச் சங்கிலி போயிற்று. அது எங்க கொங்குச் சீமை வழியாகத்தான் போனது. 11 பாகைக்கு ஒரு மயிரிழை குறைவான அட்சரேகையில், அந்தக் காலக் கோயம்புத்தூர் ஜில்லாவுக்குள், நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை கணித்த ஒரு நிலையம் இருந்தது. தங்கள் காதுக்கு விழுந்தபடி ‘புட்சாபோலியம்’ என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு பச்சாபாளையமாக இருக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து அங்கே வரைக்கும், அங்கிருந்து பெங்களூர் வரைக்கும், அதற்கும் வடக்கே என்று ஒவ்வொரு பாகைக்கும் எத்தனை தூரம் என்று அளந்துகொண்டே போனார்கள். பூமத்தியரேகைப் பக்கம் ஒரு பாகை 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7. இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் பூமி மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கிய உருண்டை என்ற உண்மை ஒளிந்திருக்கிறது. எங்க காட்டு மண்ணை மிதித்து அளந்த கணக்கு பூமியின் உருவத்தைச் சொல்லியது என்பதில் எனக்குப் பெருமை இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

ஆனால் மிதித்தவர்கள் யார்? லாம்டனுடைய கோணமானி அரை டன் கனம். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பலநாள் உட்கார்ந்து தன் கையாலேயே சரிசெய்தார் என்பது வரலாற்றில் இருக்கிறது. கயிற்றை இழுத்தவர்கள் பேர் இல்லை. மலைமலையாய்க் கருவி சுமந்தவர்கள், கொடிக்கம்பம் பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் யார் பேரும் இல்லை. கம்பெனிக்காரனின் பித்தளைச் சாமானுக்குக் கோபுரம் ஏற வழி கிடைத்தது. நாம் கோயில் வாசற்படி ஏறுவதற்கே 1939இலும் 1947இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. எங்க தாத்தா சர்வேக்காரருக்குச் சங்கிலி பிடித்தவர். நூறு கண்ணி, அறுபத்தாறு அடி. முள்ளுக்குள்ளேயும் சேற்றுக்குள்ளேயும் போகிற முனை எப்போதும் அவர் கையில், பென்சில் எப்போதும் வேறொருத்தர் கையில். “ஊரு நெலம் அத்தனையும் எங்கையால அளந்தது சாமி. நமக்குன்னு அளக்கத்தான் ஒரு கண்ணி நீளங்கூட இல்லை” என்பார். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்கிற கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான், பள்ளிக்கூடமல்ல.

இந்த அளவை வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் தூக்குக்குண்டு பற்றியது. கொத்தனார் கையில் இருக்கிற அதே குண்டுதான். செங்குத்து எது என்று அது சொல்வதை வைத்துத்தான் நட்சத்திரத்தின் கோணமே எடுக்கிறார்கள். வடக்கே கல்யாண்பூருக்கும் கல்யாணாவுக்கும் இடையே முக்கோணம் வழியாக வந்த கணக்கும் நட்சத்திரம் வழியாக வந்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்தேகால் விகலை வித்தியாசம். தரையில் அது நூற்றறுபது மீட்டர். யாரும் திருடவில்லை, யாரும் தூங்கவில்லை. இமயமலை தன் கனத்தால் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது என்று 1855இல் கல்கத்தாவில் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். பெரிய மலை பக்கத்தில் இருந்தால் நேர் பார்க்கிற குண்டே சாய்ந்துவிடும். ஊர்ப் பெரியதனக்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டு மோர் குடித்துவிட்டு அளக்கிற சர்வேயரை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. மலையின் பருமனை வைத்துப் பார்த்தால் குண்டு மூன்று மடங்கு சாய்ந்திருக்க வேண்டும், சாய்ந்தது கொஞ்சம்தான். அடியில் மலை அவ்வளவு கனமில்லை என்று அதிலிருந்து கண்டுபிடித்தார்கள். பார்க்கத்தான் பிரம்மாண்டம்.

எங்க வளவு விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் வளவுக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா வந்தது. பட்டா வந்தது, மனை வரவில்லை. தமிழ்நாட்டில் இந்த வாக்கியம் புரியாத தலித் யாரும் இருக்க மாட்டார்கள். அளந்து காட்டவில்லை. காகிதத்தில் மனை, தரையில் வேலிக்காத்தான். பனியன் கம்பெனிகள் பெருகி நிலத்துக்கு விலை ஏறியதும் ஒரு காம்பவுண்டுச் சுவர் நகர்ந்து வந்து வேலிக்காத்தானையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. 2009இல் திருப்பூர் தனி ஜில்லா ஆனபோது மனு கொடுக்க வேண்டிய ஆபீஸ் மாறியது. சுவர் மாறவில்லை.

பையன்கள் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஷிப்ட் முடித்து வந்த கைமடிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜி.பி.எஸ். காட்டிய எண்களைப் பழைய அச்சுப்படத்தின் கோடுகளில் வைத்துப் பார்த்தால் எங்க வளவு நூறு மீட்டருக்கும் மேலே தள்ளிப் போய்க் கிடக்கிறது! “அண்ணா, நம்ம வளவு ஊருக்குள்ளாற போயிருச்சுங்ண்ணா” என்று ஒருத்தன் கத்தினான். நாங்க சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. காரணம் எளிமையானது. பழைய இந்தியப் படங்கள் 1830இல் எவரெஸ்ட் கணித்த நசுங்கிய உருண்டையின் மேல், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை மூலமாக வைத்து வரையப்பட்டவை. போன் காட்டுவது செயற்கைக்கோள்களுக்காக, பூமியின் நடுவை மூலமாக வைத்துக் கட்டிய வேறு உருண்டை. வளவு ஒரு அங்குலம் நகரவில்லை, எண்ணுகிற மூலம் நகர்ந்துவிட்டது. எங்க ஊருக்கும் வளவுக்கும் நடுவில் இருக்கிற தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இத்தனை தலைமுறை எங்களைத் தள்ளி வைத்த தூரத்தை, மூலத்தை மாற்றினால் காகிதத்தில் ஒரு நொடியில் கடந்துவிடலாம். தரையில் கடக்கத்தான் முடியவில்லை. இதிலும் பாருங்கள், இது பிசகு, பொய்யல்ல. ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வாய்பாடு இருக்கிறது. பையன்கள் அதைத் தேடிப் பிடித்து மாற்றியும் காட்டினார்கள்.

ஆனாலும் போன் அளவை மனைக்கு உதவாது. மூன்று சென்ட் என்பது பக்கத்துக்குப் பதினோரு மீட்டர். போன் நாலைந்து மீட்டர் முன்னேபின்னே காட்டும். பாதி மனை அதிலேயே போய்விடும். தவிரவும் நம் புலப்படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. கல்லிலிருந்து கல்லுக்குக் கோடு, கோட்டிலிருந்து ஓரத்துக்கு நேர்குத்தாய் இத்தனை மீட்டர், பழசாக இருந்தால் இத்தனை லிங்க்ஸ். கல்தான் எல்லாம். 1923ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைச் சட்டப்படி அந்தக் கல்லை அசைப்பது குற்றம். எங்க புலத்தின் கல் ஒன்றையும் காணோம். கடைசியாகச் சர்வேயர் வந்தபோது, நின்றுகொண்டிருந்த ஒரே கல் ஊருக்குள் கோயில் வீதி ஓரமாக இருந்தது. எங்க மனையை அளக்க அங்கிருந்துதான் டேப்பைப் பிடித்து வர வேண்டும். எங்க அப்பன் பாட்டன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த வீதி. எங்க வளவுப் பெண் ஒருத்தி, செக்கிங் வேலைக்குப் போகிற பொண்ணு, டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு செருப்புக் காலோடு அந்த வீதி நெடுக நடந்து வந்தாள். திண்ணையில் இருந்த ஒரு பெரியவர், “ஏம்புள்ள, அளக்கறதுக்கு வேற கல்லே கெடைக்கலியா” என்றார். “நீங்க மிச்சம் வச்சது இது ஒண்ணுதானுங்க” என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் இத்தனை பக்கம் எழுதுவதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

மூலம் அவர்கள் வாசலில் இருக்கிறது என்பதற்காக அளக்காமல் இருப்பதா, அளந்தால் அவர்கள் மூலத்தை ஒத்துக்கொண்டதாகிவிடுமா? இந்தக் கேள்வி நிலத்தோடு நிற்பதில்லை. சட்டத்தைப் பிடிக்கிறபோது, தமிழைப் பிடிக்கிறபோது, ஒதுக்கீட்டுக்காகச் சாதிச் சான்றிதழ் வாங்குகிறபோது எல்லாம் இதே கல்லிலிருந்துதான் தொடங்குகிறோம். எனக்குத் தெரிந்த அளவில், கல் யார் வாசலில் என்பதைவிட, அங்கிருந்து எடுத்த அளவை எல்லோரும் திரும்ப எடுத்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். முடிந்தால் அது வெறும் தொடக்கப்புள்ளி. முடியாவிட்டால் அது சாமி.

பஞ்சமி நிலம் பறிபோன கதையைக்கூட இந்தக் கண்ணால் பார்க்கலாம். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் அறிக்கைக்குப் பின் 1892இல் வந்த ஆணைப்படி கொடுக்கப்பட்ட நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அ-பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ என்று இரண்டே எழுத்தில் நின்றது. ஏட்டைப் புது ஏடாக மாற்றி எழுதும்போது, எண்பதுகளின் யு.டி.ஆர். உள்பட, பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்து விழுந்துபோனது. புல எண் சரி, பரப்பு சரி, எல்லை சரி. உருவம் துல்லியம், உடைமை மாயம். கட்டிங் வேஸ்ட்டில் போகிற துண்டுத் துணி மாதிரி. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை நிலத்தின் பழைய ஏட்டை எடுத்துப் படித்ததிலிருந்து தொடங்கியது அது. எல்லாப் படமும் பொய் என்று அவர்கள் இருந்திருந்தால் ஏட்டைத் தேடியே போயிருக்க மாட்டார்கள்.

சர்வேக் கணக்கில் ஒரு நாகரிகத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது புழங்குகிற யு.டி.எம். என்ற முறையில் பூமியை ஆறு ஆறு பாகையாக அறுபது பட்டையாக வெட்டுகிறார்கள். திருப்பூர் 43ஆம் பட்டை, பக்கத்துக் கரூர் 44. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒரு கோடு. நடுக்கோட்டைப் பூஜ்யம் என்று வைத்தால் அதற்கு மேற்கே இருக்கிறவர்களுக்கெல்லாம் மைனஸ் எண் வரும். அதனால் நடுக்கோட்டுக்கே ஐந்து லட்சம் மீட்டர் என்று எண் கொடுத்து, பூஜ்யத்தை ஆளில்லாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். வடபாதியில் யார் தலையிலும் மைனஸ் விழாது. தப்பு வராமல் கூட்டிக் கழிக்கச் செய்த ஏற்பாடு அது, நியாயத்துக்காகச் செய்ததல்ல. ஆனாலும் செய்ய முடிந்திருக்கிறது. நடுவில் இருக்கிறவன் பூஜ்யமாக இருக்கத் தேவையில்லை என்று கணக்குக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது நாங்கள் பையன்களையும் பிள்ளைகளையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வளவு வளவாய்ப் போகிறோம். எந்தப் படத்திலும் ஏறாதவற்றை எண்ணாக எழுதி வருகிறோம். எந்த மூலத்திலிருந்து எடுத்தது, போனில் எடுத்ததா டேப்பில் எடுத்ததா, எத்தனை மீட்டர் பிசகு வரலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறோம். அடைக்கப்பட்ட இட்டேரிகள், தண்ணி எடுக்க விடாத பொதுக்கிணறுகள், நடுவில் எழுப்பிய சுவர்கள். அரசாங்கப் படத்தில் கோயிலுக்குக் குறியீடு உண்டு, மசூதிக்கு உண்டு, கிணற்றுக்கு உண்டு. தீண்டாமைச் சுவருக்குக் கிடையாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை சுவர் விழுந்து பதினேழு பேர் செத்த பிறகும் கிடையாது. இதுவரை மனைகளும் கிணறுகளும் முடிந்திருக்கின்றன. எங்க வளவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதையை இன்னும் அளக்கவில்லை. மழைக்காலத்தில் அது வாரித் தண்ணியோடு போய்விடுகிறது, மற்ற நாளில் ரெண்டு பேர் தோட்டத்து வேலிக்குள் இருக்கிறது. தை பிறந்து தண்ணி வடிந்ததும் அதைத்தான் எடுக்க வேண்டும்.